அருளப்பர் திருநாளும் கடற்கரைப் பந்தியும்

பள்ளிகள் திறந்து, புத்தகச் செலவும் சீருடைச் செலவும் ஒருவாறு தீர்ந்து, கத்திரி வெயிலின் உக்கிரமும் சற்றே தணிந்திருக்கும் ஜூன் மாதக் கடைசியில், நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் ஓர் ஆசை தலைதூக்குவதைக் காண்கிறோம். நான்கைந்து குடும்பங்களாக ஒன்றுசேர்ந்து ஒரு மாலைப் பொழுது கடலோரம் சென்று, அங்குள்ள ஓர் உணவு விடுதியில் அமர்ந்து, புதிய மீன் குழம்போடு இரவுணவு உண்டு திரும்பினால் என்ன என்பதே அந்த ஆசை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர்ப் பகுதிகளில் ஆலை வேலையை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது எட்டாத ஆசையுமன்று. பழவேற்காடு அருகிலேயே இருக்கிறது. பொன்னேரியில் பேருந்து ஏறினால் வெகு நேரமாகாமல் ஏரிக்கரையில் இறங்கிவிடலாம்.

வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் இதற்கு ஒரு பெயரும் சொல்கிறார்கள். ஆண்டிலேயே மிக நீண்ட பகலைக் கொண்டாடும் விருந்து என்கிறார்கள். அது கிறிஸ்தவர்களுக்கு ஏற்றதுதானா என்று சில பெரியவர்கள் ஐயுறுகிறார்கள். இந்த ஐயத்திற்கு விடை காண்பது எளிது. அதைக் காட்டிலும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பந்தியில் உட்காரப் போகிறவர்கள் யார்? இவ்விரண்டையும் இக்கட்டுரையில் சற்றே ஆராய்வோம்.

நீண்ட பகல்

ஜூன் 21-ஆம் நாளை ஒட்டிக் கதிரவன் தன் வடதிசைப் பயணத்தின் எல்லையைத் தொட்டுத் தெற்கே திரும்புகிறான். நம் பஞ்சாங்கங்கள் ஆடி முதல் நாளையே தட்சிணாயனத்தின் தொடக்கமாகக் கொள்கின்றன. பூமியின் அச்சு மிக மெல்லத் தள்ளாடுவதால், ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் வேறுபாடு வளர்ந்து, வானில் நிகழும் திருப்பத்திற்கும் பஞ்சாங்கத் திருப்பத்திற்கும் இடையே இன்று மூன்று வாரங்களுக்கு மேல் இடைவெளி விழுந்துள்ளது.

சுவீடன் நாட்டின் தலைநகரில் அந்நாளில் பகல் பதினெட்டு மணி நேரத்திற்கு மேல் நீடிக்கும். குளிர்காலத்தில் ஆறு மணி நேரமே வெளிச்சம் கண்ட மக்கள் அந்நாளைக் கொண்டாடுவதில் வியப்பில்லை. நம் பழவேற்காட்டிலோ அன்றைய பகல் 12 மணி 53 நிமிட அளவுதான். மார்கழியின் மிகக் குறுகிய பகலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரமே. எனினும் நம் வானமும் அன்று ஒரு புதுமையைக் காட்டாமல் இல்லை. நம் வட்டாரத்தில் கதிரவன் தலைக்கு நேர் மேலே நிற்பது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மாத நடுவிலுமே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஜூன் 21 நண்பகலில் அவன் நமக்கு வடக்கே நிற்பான். நம் நிழல் தெற்கு நோக்கி விழும். ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் நிழலை வடக்கே கண்டு பழகிய சிறுவர்களுக்கு, முற்றத்தில் ஒரு கோலை நட்டு இதைக் காட்டலாம்.

நம் கடற்கரைக்கு அந்த வாரம் முக்கியமானதாவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மீன்கள் இனம் பெருக வேண்டும் என்பதற்காகத் தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிகிறது. 2001-இல் தொடங்கியபோது 45 நாள்களாக இருந்த இத்தடை, 2017 முதல் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. ஏப்ரல் 15 முதல் கரையில் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் மீண்டும் கடல் ஏறும் வாரங்களே இவை. வடக்கே நீண்ட பகல் வந்ததென்று மக்கள் மகிழும் நேரத்தில், நம் கரையிலே பல மீனவர் வீடுகளில் அணைந்திருந்த அடுப்பு மீண்டும் எரியத் தொடங்குகிறது.

திருச்சபை கொடுத்த பெயர்

இந்நாளுக்குத் திருச்சபை என்றோ ஒரு பெயர் சூட்டிவிட்டது. ஜூன் 24 ஸ்நாபக அருளப்பரின், அதாவது இன்று நாம் திருமுழுக்கு யோவான் என்றழைக்கும் புனிதரின், பிறப்புப் பெருவிழா. புனிதர்களின் இறப்பு நாளையே விண்ணகப் பிறந்த நாளாகக் கொண்டாடுவது திருச்சபையின் வழக்கம். மண்ணகப் பிறப்பு நாள் கொண்டாடப்பெறுவோர் மூவரே: நம் ஆண்டவர், அவருடைய அன்னை, அருளப்பர்.

கபிரியேல் தூதர் மரியன்னையிடம் வந்தபோது எலிசபெத்தம்மாள் ஆறாம் மாதத்தில் இருந்தார் என்று லூக்காஸ் நற்செய்தி கூறுகிறது. எனவே கிறிஸ்து பிறப்புக்கு ஆறு திங்களுக்கு முன் அருளப்பரின் பிறப்பு வைக்கப்பட்டது. பழைய உரோமைக் கணக்கில் பகல் குறையத் தொடங்கும் நாளாக ஜூன் 24-உம், பகல் வளரத் தொடங்கும் நாளாக டிசம்பர் 25-உம் கொள்ளப்பட்டன. மெசியா ஓங்குவதும் தாம் தேய்வதுமே முறை என்று அருளப்பர் தம் சீடரிடம் கூறியதை இதனோடு இணைத்துப் பார்த்து விளக்கியவர் புனித அகுஸ்தீனார். அருளப்பர் பிறந்த நாளிலிருந்து பகல் தேய்கிறது. ஆண்டவர் பிறந்த நாளிலிருந்து பகல் வளர்கிறது.

601-ஆம் ஆண்டில் பாப்பரசர் பெரிய கிரகோரியார் இங்கிலாந்திலிருந்த மறைபரப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதச் செய்தார். மக்கள் வழக்கமாகக் கூடி உண்ணும் விழாக்களை அடியோடு அழிக்காமல், அவற்றைப் புனிதர்களின் திருநாள்களோடு இணைத்து, ஆலயத்தைச் சுற்றி இறைவனுக்கு நன்றியாக உண்ணச் செய்யுங்கள் என்பது அதன் கருத்து. இந்த ஞானத்தின் பயனை இன்றும் காணலாம். பின்லாந்தில் நீண்ட பகல் விழாவின் பெயரே அருளப்பரின் பெயர்தான். போர்த்துக்கல் நாட்டின் போர்த்தோ நகரில் ஜூன் 23 இரவில் தெருவெங்கும் மத்தி மீன் சுடும் மணம் கமழும். நம் நாட்டிலேயே கோவாவில் ஜூன் 24 அன்று, இலையும் பூவும் கொண்டு கட்டிய முடியணிந்து, இளைஞர் நிறைந்த கிணறுகளில் குதித்து மகிழ்கின்றனர். மரியன்னையின் வாழ்த்தொலி கேட்டுத் தாயின் வயிற்றில் துள்ளிய குழந்தையின் மகிழ்ச்சியை அவர்கள் இவ்வாறு நினைவுகூர்கிறார்கள். சியோலிம் என்ற ஊரில் அலங்கரித்த படகுகள் பவனி வருகின்றன.

எனவே ஜூன் கடைசியில் கடற்கரையில் கூடி உண்ண விரும்புவோர் அஞ்ச வேண்டியதில்லை. அருளப்பரின் பெயரைச் சொல்லிக் கூடலாம். ஆனால் அவர் பெயரைச் சொன்னவுடன், அவருடைய கேள்விக்கும் நாம் விடை சொல்லியாக வேண்டும்.

மூன்று விருந்துகள்

அருளப்பர் விருந்துகளுக்குச் சென்று பழகியவர் அல்லர். வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் அவருடைய உணவு. ஆயினும் அவருடைய உயிர் போனது ஒரு விருந்தினாலேயே. ஏரோது தன் பிறந்த நாளன்று பெருந்தலைவர்களையும் படைத்தலைவர்களையும் கலிலேயாவின் முதன்மையானவர்களையும் அழைத்து விருந்து வைத்தான். அழைக்கப்பட்டோர் அனைவரும் அவனுக்குச் சமமானவர்கள், அல்லது அவனால் ஆதாயம் உடையவர்கள். அவர்கள் முன் தன் வாக்குப் பொய்க்கக் கூடாதே என்ற நாணத்தினால், சிறையிலிருந்த நீதிமானின் தலையைத் தட்டில் வைத்துக் கொடுத்தான். அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவராவது வேண்டாமென்று சொன்னதாக நற்செய்தியில் இல்லை. தம்மைப் போன்றவர்களை மட்டுமே அழைத்துக்கொள்ளும் பந்தியில் மனச்சாட்சியின் குரல் எழுவது அரிது.

இரண்டாவது விருந்து அருளப்பரே போதித்தது. மனந்திரும்பியவர் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் கேட்டபோது, உடை இரண்டு வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், உணவு வைத்திருப்பவனும் அப்படியே செய்யட்டும் என்றார். நீண்ட நோன்பையோ பெரிய காணிக்கையையோ அவர் முதலில் கேட்கவில்லை. பகிர்ந்து உண்பதையே கேட்டார்.

மூன்றாவது விருந்து கடற்கரையில் நடந்தது. இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாமல் திரும்பிய இராயப்பருக்கும் அவருடைய தோழர்களுக்கும், உயிர்த்த ஆண்டவர் கரையிலே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார். உணவைத் தாமே எடுத்துப் பரிமாறினார். மூன்று முறை தம்மை மறுதலித்தவரையும் அந்தப் பந்தியிலிருந்து அவர் விலக்கவில்லை.

கடலோரம் சென்று உண்ணும் நம் விருந்து இம்மூன்றில் எதைப் போன்றது? இதை ஒவ்வொரு பங்கும் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நலம்.

பழவேற்காட்டுக் கரை

பழவேற்காட்டில் கிழக்கே கடல், மேற்கே ஏரி. ஒரிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இடைப்பட்ட மணல்திட்டில் நின்றால், ஜூன் மாத மாலையில் 6.35 மணிக்குப் பின் கதிரவன் ஏரி நீருக்கு அப்பால் மறையும் காட்சியைக் காணலாம். ஊரில் மகிமை மாதா ஆலயம் இருக்கிறது. சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் மிகப் பழமையான ஆலயங்களுள் ஒன்றான இது, போர்த்துக்கீசியர் காலத்தில் 1515-ஆம் ஆண்டில் தோன்றியதாகப் போற்றப்படுகிறது. அருகிலேயே தொன்மையான பள்ளிவாசல்களும் கோயில்களும் உண்டு. பனையோலையில் பெட்டி முடையும் இஸ்லாமியத் தாய்மாரின் கைத்திறன் இவ்வூருக்குப் பெயர் தந்துள்ளது.

இக்கரை பெரும் விருந்துகளையும் கண்டது, பெருங்கொடுமைகளையும் கண்டது. ஒல்லாந்தர் 1613-இல் இங்கே கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரை வணிகத்தின் தலைமையிடமாக்கினர். துணியும் வெடிமருந்தும் ஏற்றிச் சென்ற அதே கப்பல்கள், பஞ்சத்தில் அடிபட்ட ஏழைகளையும் அடிமைகளாக விலைக்கு வாங்கிப் பத்தாவியாவுக்கு ஏற்றிச் சென்றன. ஒல்லாந்தரின் செதுக்கிய கல்லறைகளை இன்றும் பயணிகள் வந்து பார்க்கிறார்கள். கப்பலேறிப் போன ஏழைகளுக்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை.

பாடும் அதன் எல்லையும்

இந்த ஏரியின் மீனவர்களிடம் நாம் கற்கவேண்டிய ஒரு முறை உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். இறால் மிகுதியாகக் கிடைக்கும் நீர்ப்பகுதிகளை வலியவன் வளைத்துக்கொள்ள முடியாது. உரிமையுள்ள ஊரார் கூடிச் சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டுவது என்று முறை வகுக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவன் நாளை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுக்கிறான். சண்டையின்றி, நீரும் வறண்டுபோகாமல், பல தலைமுறைகளாக இம்முறை நின்றுவருகிறது. பங்கீடு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமோ?

எனினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. பாட்டில் இடம் பரம்பரை உரிமை பெற்ற ஊராருக்கே. அவ்வுரிமை இல்லாத இருளர் முதலான ஏழை மக்கள் அந்த முறைக்கு வெளியேதான் நிற்கிறார்கள். வலையும் படகும் இல்லாத இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்குள் நீதி சிறப்பாக நடக்கலாம். அதனால் வாசலுக்கு வெளியே நிற்பவருக்கும் நீதி கிடைத்துவிட்டது என்று ஆகாது.

இது மீனவர்களுக்கு மட்டும் உரிய குறையன்று. கொரிந்து நகரத்துச் சபையாரைப் புனித சின்னப்பர் கடிந்துகொண்டதும் இதற்காகவே. ஆண்டவரின் பந்திக்குக் கூடியபோது வசதி படைத்தோர் முந்தி உண்டனர். உழைத்துக் களைத்துப் பிந்தி வந்த ஏழைகள் பசியோடு நின்றனர். நம் தமிழகத்திலும் ஒரே ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக அமர்ந்த காலம் இருந்தது; அந்த வடு எல்லா ஊரிலும் ஆறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆகஸ்டு 15-இலும், அண்ணா நினைவு நாளாகிய பிப்ரவரி 3-இலும், தமிழக அரசு திருக்கோயில்களில் பொது விருந்து நடத்துகிறது. அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்பதே அதன் நோக்கம். நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் திருவிழா முடிவில் ஆலய முற்றத்தில் 'அசனம்' பரிமாறுவது நம் சொந்த மரபு. அசனத்திற்குச் சீட்டு இல்லை, விலை இல்லை. வந்தவர் யாராயினும் இலை போடப்படும்.

நம் பந்திக்கு வெளியே நிற்பவர்கள்

கும்மிடிப்பூண்டிப் பகுதியில் வாழும் நாம் நம் வாசலுக்கு வெளியே பார்ப்போம். சிப்காட் வளாகத்து ஆலைகளிலும் இரும்புருட்டு ஆலைகளிலும் ஒரிசா, பீகார், சார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் உழைக்கிறார்கள். சார்க்கண்டிலிருந்து வருவோருள் பலர் நம் கத்தோலிக்க மக்களே. 1885-இல் சோட்டா நாகபுரிக்கு வந்த கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜிய சேசு சபைக் குருவின் உழைப்பால் மலர்ந்த விசுவாசம் அவர்களுடையது. நம் ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நின்று, மொழி புரியாமல், பூசை முடிந்ததும் பேசாமல் வெளியேறும் இளைஞனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. 1983-க்குப் பின் மூண்ட போரினால் கடல் கடந்து வந்த குடும்பங்கள் தலைமுறை கடந்து அங்கே வாழ்கின்றன. மறுவாழ்வு முகாம் என்று 2021-இல் பெயர் மாறிற்று. அவர்களுள் மடு மாதாவை மறவாத கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. இவர்களோடு செங்கற்சூளைகளில் குடும்பத்தோடு தங்கி உழைப்போரையும், மாத முடிவில் கைச்செலவுக்கு வழியின்றித் தம் பங்கிலேயே ஒதுங்கி நிற்கும் விதவைத் தாய்மாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்து ஒரு கடலோர விருந்து அறிவிக்கப்படுமானால் இவர்கள் வரமாட்டார்கள். வரவில்லை என்று சொல்லவும் மாட்டார்கள். அன்று வேறு வேலை இருக்கிறது என்பார்கள். நாமும் அதை நம்பிவிடுவோம். மிகப் பெரிய விலக்கம் இப்படித்தான், சத்தமில்லாமல், ஒருவரையும் ஒருவரும் புண்படுத்தாமல் நடந்துவிடுகிறது.

செய்யத்தக்கவை

அப்படியானால் கடற்கரை விருந்தே வேண்டாமோ? வேண்டும் என்றே சொல்வோம். உழைத்துக் களைத்த குடும்பம் ஒரு மாலை கடற்காற்று வாங்கி, சமைக்கும் பாரம் இன்றித் தாயும் உட்கார்ந்து உண்பது நல்லதே. மனம் இருந்தால் அதை அசனமாக்கிக்கொள்ளலாம். சில வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, தலைவிலை வேண்டாம். ஆலயத்தில் ஒரு மூடிய பெட்டி வைத்து, ஒரு மாதம் முன்பே அவரவர் இயன்றதை இடட்டும். யார் எவ்வளவு இட்டார் என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. சேர்ந்த தொகைக்கு ஏற்ப உணவு எளிதாகட்டும். சோறு, ஒரு மீன் குழம்பு, ஒரு பொரியல், ரசம், மோர் இருந்தால் போதும்.

இரண்டாவது, பெரிய விடுதியைத் தேடாமல், மீனவத் தாய்மார் நடத்தும் சிறு உணவுக் கடையிலோ, அவர்களுக்கு முன்பணம் கொடுத்துச் சமைக்கச் சொல்லியோ உண்போம். தடைக்காலத்தில் வருமானம் குறைந்த அவர்களுக்கு நம் விருந்தே ஓர் உதவியாகும். சினை நண்டும் குஞ்சு மீனும் கேட்க வேண்டாம். அவை அடுத்த ஆண்டின் பிழைப்பு.

மூன்றாவது, நாளும் நேரமும் ஷிப்டு வேலைக்காரர்களைக் கேட்டு வைக்கப்பட வேண்டும். ஜூன் 23 மாலைத் திருவிழிப்புத் திருப்பலியோ, அதை ஒட்டிய ஞாயிறோ ஏற்றது. முகாம் குடும்பங்களுக்கும் வடமாநில இளைஞருக்கும் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால் போதாது. வின்சென்ட் தே பவுல் சபையாரோ, மரியாயின் சேனையினரோ, இளைஞர் இயக்கத்தினரோ நேரில் சென்று அழைக்க வேண்டும். வண்டி வசதியும் பெட்டிப் பணத்திலேயே அடங்கட்டும்.

நான்காவது, மது வேண்டவே வேண்டாம். ஏரோதின் விருந்தை நினைத்துக்கொண்டால் இதற்கு விளக்கம் தேவையில்லை. உண்டபின் இலையும் குப்பையும் மணலில் கிடக்காதபடி அள்ளி வருவதும் விருந்தின் ஒரு பகுதியே.

ஐந்தாவதும் முக்கியமானதுமாகிய ஒன்று: பங்குப் பேரவையினரும் ஊர்ப் பெரியவர்களும் அன்று முதற்பந்தியில் அமர வேண்டாம். அவர்கள் பரிமாறட்டும். கரிநெருப்பின் அருகே நின்று தம் கையால் பரிமாறியவரின் சீடர்களுக்கு அது தாழ்வாகாது. வந்த விருந்தினர் அனைவரும் உண்டபின் மீந்ததை அவர்கள் உண்ணட்டும்.

தாம் குறைய இசைந்தவர் அருளப்பர். அவருடைய திருநாளிலிருந்து பகல் ஒவ்வொரு நாளும் சில நொடிகளாகக் குறைந்து வருகிறது. நாமும் அன்று சற்றே ஒதுங்கி அமர்ந்தால், பந்தியில் இன்னொரு இலை போட இடம் உண்டாகும். இவ்வாண்டு ஜூன் மாதத்தில் கடற்கரைக்குப் புறப்படும் ஒவ்வொரு குடும்பமும், கிளம்புமுன் வீட்டில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும்: நம்மோடு யாரை அழைத்துச் செல்கிறோம்? அதற்கு விடையாக ஒரு பெயர் கிடைத்தபின் வாசற்கதவைப் பூட்டிக்கொண்டு புறப்படுங்கள். மகிமை மாதா உங்களுக்குத் துணையிருப்பாளாக.